முகத்தில் படரும் மங்கு

கன்னத்திலும் நெற்றியிலும் படரும் கருந்திட்டுகளை ‘மங்கு’ என்பர். இது அழுக்கன்று; தேய்த்தால் போகாது. தேய்த்துப் புண்ணாக்கினால் தோல் மேலும் கறுக்கும். மேல்தோலின் அடியடுக்கிலுள்ள சில செல்கள் ‘மெலனின்’ என்னும் நிறமியை உண்டாக்கி, புற ஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கின்றன. கடும் வெயிலாலும், கருவுற்ற காலத்திலும், கருத்தடை மாத்திரையாலும் சிலருக்கு இந்நிறமி அளவுக்கு மீறி உண்டாகிறது.

மாணவ நண்பர்களே! காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெளியே செல்கையில் குடை பிடியுங்கள், எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத வெயில் தடுப்புக் களிம்பைப் பூசுங்கள். நண்பர் சொன்னார் என்று சிவப்பழகுக் களிம்பை வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் தோல் மெலியும். பாதரசம் கலந்திருந்தால் சிறுநீரகம் கெடும். மங்குக்கு மருத்துவரை நாடுங்கள். நம் கருநிறமோ நோயன்று. வெயிலுக்கு இயற்கை பிடித்த குடை!