தொழிற்சாலை ஆய்வாளர் எதிர்கொள்ளும் நெருக்கடிகள்
(கடம்பத்தூர் – கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை முன்வைத்து)

திருவள்ளூர் மாவட்டம் ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் மட்டுமே பெயர் பெற்றிருந்த காலம் மாறிப் பல்லாண்டுகள் ஆயின. கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்கண்டிகையிலும் சிப்காட் வளாகங்கள், காக்களூரில் தொழிற்பேட்டை, கடம்பத்தூரைச் சூழ்ந்த ஊர்களில் பெரிதும் சிறிதுமான ஆலைகள் என இவ்வட்டாரம் இன்று இயந்திர ஒலியோடு விழிக்கின்றது. இங்கு உழைப்போரின் உடலுக்கும் உயிருக்கும் காவலாக அரசு அமர்த்தியவர் தொழிற்சாலை ஆய்வாளர். அவரை நெருக்கும் தடைகளைச் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வாளர் பற்றாக்குறை இன்று தோன்றியதன்று. இங்கிலாந்தில் 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடு முழுமைக்கும் அமர்த்தப்பட்டோர் நால்வரே. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. நூறு பேருக்குக் குறையாமல் பணியாற்றும் ஆலைகளையே அது கருத்திற்கொண்டது. விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டுச் சட்டம், மின்விசையுடன் பத்துப் பேரும் அஃதின்றி இருபது பேரும் பணிபுரியும் இடங்களைத் தன் எல்லைக்குள் கொணர்ந்தது. போபால் நச்சுவாயுப் பேரழிவு 1984 திசம்பரில் நிகழ்ந்த பின்னர், 1987இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான செய்முறைகளுக்கெனத் தனி இயலே சேர்ந்தது. உயிருக்கு ஊறு நேரும் நிலையில் பணியை நிறுத்தும் அதிகாரமும் ஆய்வாளருக்குக் கிட்டியது.

ஏட்டில் உள்ள இவ்வதிகாரம் களத்தில் என்னவாகின்றது? பவர் பிரஸ் எனப்படும் அழுத்தப்பொறியை எடுத்துக்கொள்வோம். விரல் உள்ளே செல்லாதவாறு தடுக்கும் காப்பும், இரு கைகளாலும் ஒருசேர அழுத்தினாலன்றி இயங்காத பொத்தான்களும் அதற்கு உண்டு. உற்பத்தி விரைவுபட வேண்டுமென்று காப்பைக் கழற்றிவிடுவதும், ஒரு பொத்தானை நிலையாகக் கட்டிவிடுவதும் தொழிலறிந்தோர் கண்ட உண்மை. ஆய்வாளர் வருவார் என்பது முன்னரே தெரிந்துவிட்டால், கழற்றிய காப்பை மீண்டும் பொருத்தச் சில நிமிடங்களே போதும். இதனாலன்றோ 1947ஆம் ஆண்டின் 81ஆம் பன்னாட்டுத் தொழிலாளர் உடன்படிக்கை, முன்னறிவிப்பின்றி இரவு பகல் எந்நேரமும் நுழையும் உரிமையை ஆய்வாளருக்கு வழங்கியது! இந்தியா அதனை 1949இலேயே ஏற்றுக்கொண்டது.

ஆயினும் தொழில் முதலீட்டை ஈர்க்கும் போட்டியில், ஆய்வு என்பதே ஒரு தொல்லை என்னும் எண்ணம் வலுப்பெற்றது. சிலர் கையூட்டுப் பெற்றமை அவ்வெண்ணத்திற்கு உரமூட்டியதை மறுப்பதற்கில்லை. ஆனால் கையூட்டுக்கு மருந்து கண்காணிப்பேயன்றி, ஆய்வைக் குறைப்பதன்று என்பது என் துணிபு. எங்கே ஆய்வு செய்வது என்பதைக் கணினியே தெரிவு செய்யும் முறையும், ஆலையே தனக்குச் சான்றளித்துக்கொள்ளும் முறையும் பல மாநிலங்களில் புகுந்தன. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், ஆய்வாளர் பதவியோடு வழிகாட்டி உதவும் கடமையையும் இணைத்துவிட்டது. மின்விசையுடன் இருபது பேர், அஃதின்றி நாற்பது பேர் என ‘தொழிற்சாலை’யின் வரையறையும் உயர்ந்தது. பத்துப் பேர் கொண்ட நிறுவனங்களுக்கும் பொதுக் கடமைகள் உண்டெனினும், பன்னிருவர் பணிபுரியும் ஒரு சிறு பட்டறை இனித் தொழிற்சாலை எனும் பெயரால் சுட்டப்படாது.

‘ஆய்தல்’ என்னும் சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் நுணுக்கப் பொருள் உரைப்பது ஈண்டு நினையத்தக்கது. நம் வீட்டு மகளிர் கீரை ஆய்வதும் அச்சொல்லே. ஒவ்வோர் இலையும் கையிற்படாமல் அது நிகழ்வதில்லை.

தனியார் தணிக்கையாளரின் சான்றை நம்பலாம் என்போர் கராச்சி நகரை நோக்குதல் வேண்டும். 2012 செப்டம்பர் 11இல் அங்கு ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். சில வாரங்களுக்கு முன்னர்தான் அவ்வாலை பன்னாட்டுத் தரச்சான்று பெற்றிருந்தது. தீக்குக் காரணர் எவராயினும், வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தமை சான்றளித்தோர் கண்ணிற் படவில்லை. நம் அண்மையிலும் 2023 திசம்பரில் எண்ணூர்க் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீடு துறந்தோடினர். 2024 மே மாதம் காக்களூர்ப் பெயிண்ட் ஆலைத் தீயில் உயிர்கள் பறிபோயின. இவை செய்தித்தாளில் வந்தவை. ஒரு விரல் போனால் செய்தியாவதில்லை.

அவ்விரல் போன செய்தி அலுவலகக் கோப்பையேனும் அடைகிறதா? 1948ஆம் ஆண்டுச் சட்டம், 48 மணி நேரம் பணிக்கு வர இயலாத காயத்தை அறிவிக்குமாறு கட்டளையிட்டது. ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர் காயமுற்றால், அவரை ஊருக்கனுப்பிவிடுவதே எளிதாகின்றது. குற்றம் ஆய்வாளரின் கவனத்திற்கு வந்த மூன்று திங்களுக்குள் அவர் நீதிமன்றத்தை அணுக வேண்டும் எனவும் அச்சட்டம் வரையறுத்தது. சாட்சி சொல்ல வேண்டியவரோ அதற்குள் வேற்று மாநிலத்தில் இருப்பார்.

இங்குள்ள இரும்பு உருட்டாலைகளில் ஒடிசா, பீகார் மாநிலத்தார் மிகுதி. பாதுகாப்பு விதிகளின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் எழுதி வாயிலருகே வைக்க வேண்டுமென்று 108ஆம் பிரிவு கூறியது. புகார் அளித்தவர் பெயரை ஆய்வாளர் வெளியிடலாகாது என்ற விதியும் இருந்தது. ஒடியா மட்டுமே அறிந்த இளைஞன் தமிழ் மட்டுமே அறிந்த அலுவலரிடம் தன் குறையை எவ்வாறு மறைவாகச் சொல்வான்? இடையே நின்று மொழிபெயர்ப்பவர், பெரும்பாலும் அவனை அழைத்து வந்த ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரே.