குடலில் வாழும் பங்காளிகள்

பெங்களூர் உணவகங்களில் ‘ராகி முத்தே’ எனப் பரிமாறப்படுவதும், ஓசூர், தருமபுரிப் பக்கத்து வீடுகளில் ‘களி’ எனக் கிண்டப்படுவதும் ஒரே பண்டமே. பெயர் மாறினும் கேழ்வரகு மாறவில்லை. அந்த உருண்டையை உண்பவர் தனியே உண்பதில்லை; அவருடைய பெருங்குடலில் வாழும் எண்ணற்ற பாக்டீரியாக்களும் அதில் பங்கு பெறுகின்றன.

தீட்டிய அரிசியின் மாவுச்சத்தில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே சர்க்கரையாகிக் குருதியில் கலந்துவிடும். ஆனால், சில கார்போஹைட்ரேட்டுகளை உடைக்கும் நொதி மனித உடலில் சுரப்பதில்லை. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள இனுலின் அத்தகையது. அது செரிக்காமலேயே பெருங்குடலை அடைகிறது, நார்ச்சத்தும் அவ்வாறே. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்து உண்டு. தீட்டிய பச்சரிசியில் 3 கிராமுக்கும் குறைவு.

பெருங்குடலுக்கு வந்து சேர்வதில் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து சிறிய கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் பியூட்டிரேட் என்பது பெருங்குடற்சுவரின் செல்களுக்கு உணவாகிறது. வேறு சில, ‘வயிறு நிறைந்தது’ என மூளைக்கு அறிவிக்கும் ஹார்மோன்களைத் தூண்டுகின்றன. நன்மை தரும் பாக்டீரியாக்களை இவ்வாறு பேணும் உணவுக்கூறுகளுக்குப் ‘பிரிபயாட்டிக்’ என்னும் பெயர் 1995இல் சூட்டப்பட்டது.

உடற்பருமனுக்கும் இப்பாக்டீரியாக்களுக்கும் தொடர்பு உண்டா? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜெஃப்ரி கோர்டன் குழுவினர் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரட்டையருள் ஒருவர் பருத்தவர், மற்றவர் மெலிந்தவர். அத்தகைய இணைகளின் குடல் பாக்டீரியாக்களை, நுண்ணுயிர் ஏதுமின்றி வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுக்குள் செலுத்தினர். பருத்தவரின் பாக்டீரியாக்களைப் பெற்ற எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்தது. பின்னர் இருவகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டனர். ஒன்றன் எச்சத்தை மற்றொன்று தின்னும் பழக்கம் எலிகளுக்கு உண்டு. அருவருப்பாயினும் ஆய்வுக்கு அதுவே உதவியது. மெலிந்தவரின் பாக்டீரியாக்கள் மற்ற எலிகளின் குடலிலும் குடியேற, அவற்றின் கொழுப்பு பெருகுவது தடைப்பட்டது. ஆனால், நார்ச்சத்து மிகுந்த, கொழுப்புக் குறைந்த தீவனம் இட்டபோதுதான் இது நிகழ்ந்தது. கொழுப்பு மிகுந்து, காய்கனி குறைந்த தீவனத்தில் அந்தப் பாக்டீரியாக்கள் குடியேறவே இல்லை.

எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்திவிட இயலாது. மனிதருக்கு இனுலின் போன்றவற்றைக் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் எடை சிறிதளவே குறைந்தது. சிலவற்றில் குறையவும் இல்லை. எனவே, ‘ஒரே மாதத்தில் மெலியலாம்’ என விற்கப்படும் பொடிகளை நம்ப வேண்டியதில்லை. களியிலும் மாவுச்சத்து நிறையவே உண்டு. நான்கு உருண்டை உண்டால் யாரும் மெலிவதில்லை. நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும்; சிறிது சிறிதாகக் கூட்டினால் குடலும் அதற்குப் பழகிக்கொள்ளும்.

செயல்பாடு: ஒரு வாரம் உங்கள் வீட்டில் சமைத்த உணவுகளைத் தமிழில் எழுதி, பாக்டீரியாக்களுக்கும் பங்கு கிடைத்தவற்றை அடிக்கோடிடுக.