விபத்துக்குப் பின் நாவைப் பேணுதல்

சோதனை வருகின்ற நேரத்தில்தான் மனிதனின் ஈமான் உரைத்துப் பார்க்கப்படுகிறது. தொழுகையிலும் நோன்பிலும் பேணுதலாக இருக்கின்ற எத்தனையோ பேர், மோட்டார் விபத்து ஒன்று நேர்ந்துவிட்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தரும் காகிதத்தில் கூசாமல் பொய்யை எழுதிவிடுகின்றனர். அது ஆபீஸ் விவகாரம், மார்க்க விவகாரம் அல்ல என்று எண்ணுவதே இதற்குக் காரணம். அந்த எண்ணம் பெருந்தவறு.

வியாபார முறையிலான இன்ஷூரன்ஸ் கூடாது என 1985-ல் ஜித்தாவில் கூடிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்ததை நாம் அறிவோம். என்றாலும் 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி, மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் இல்லாமல் நம் நாட்டில் வண்டியைப் பாதையில் இறக்க முடியாது. இந்த நிர்ப்பந்தத்தால் எடுப்பவர் மீது குற்றமில்லை என்று உலமாக்கள் பலர் கூறியுள்ளனர். அதன் விரிவு வேறு. விபத்துக்குப் பின் கம்பெனிக்காரரிடம் என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்பதையே இங்கு பார்ப்போம்.

ஓட்டியவர் யார்?

லைசென்ஸ் இல்லாத மகன் வண்டியை மோதிவிடுகிறான். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தால் கம்பெனி தன் பொறுப்பை மறுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. உடனே தகப்பனார், “நான்தான் ஓட்டினேன்” என்று எழுதிக் கொடுக்கிறார். அண்டை வீட்டார் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார். பிள்ளைப் பாசமாகவும் அண்டை வீட்டு உபகாரமாகவும் இது அவர்களுக்குத் தோன்றுகிறது. ஷரீஅத்தின் பார்வையிலோ இது பொய்ச்சாட்சியம். பெரும்பாவங்களை எடுத்துரைத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்த நிலையிலிருந்து எழுந்து அமர்ந்து, பொய்ச்சாட்சியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி எச்சரித்ததாக புகாரியில் வந்துள்ளது. நமக்கே பாதகமானாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமானாலும் நீதியாகச் சாட்சி சொல்லும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 135-வது வசனம் கட்டளையிடுகிறது.

கம்பெனிப் பணம்தானே?

பழைய நசுங்கலைப் புதிய சேதத்தோடு சேர்ப்பதும், ஒர்க்ஷாப் பில்லைக் கூட்டி எழுதச் சொல்வதும் இவ்வகையே. “பெரிய கம்பெனி, அதற்கென்ன நஷ்டம்?” என்பர். உடன்படிக்கையை நிறைவேற்றுவது முஸ்லிமின் கடமை. எதிர்த்தரப்பு யாராயினும் சரியே. வாதத்திறமையால் தமக்குச் சாதகமாகத் தீர்ப்புப் பெற்றாலும், பிறர் உரிமை அதில் கலந்திருந்தால் அது நெருப்பின் ஒரு துண்டே என்ற கருத்தில் உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. நபியின் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது எனில், கம்பெனியின் செக் ஆக்கிவிடுமா?

சொல்ல வேண்டிய முறை

காயம்பட்டவரை முதலில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். 24 மணி நேரத்திற்குள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். கம்பெனிக்கு எழுத்து மூலம் அறிவித்து, நகலை வைத்துக்கொள்ள வேண்டும். சர்வேயர் பார்வையிடும் முன் வண்டியைப் பழுதுபார்க்கக் கூடாது.

கேட்டதற்கு, கண்டதை மட்டும் சொல்லுக. எதிர்வண்டியின் வேகம் தெரியாவிடில் “தெரியாது” என்க. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களே பல கேள்விகளுக்குத் தெரியாது என்று பதில் சொன்னார்கள். நமக்கு அதில் என்ன குறைவு? ஊகத்தைச் சாட்சியமாக்குவதும் பொய்யின் வாசலே. வெற்றுத்தாளிலும், வாசித்துப் பாராத காகிதத்திலும் கையெழுத்திடலாகாது.

உரிமையைக் கேட்பதும் மார்க்கமே

உண்மை பேசுவதென்றால் உரிமையை விட்டுவிடுவதென்று பொருளல்ல. குடும்பத் தலைவரை இழந்த வீட்டுக்கு ஒருவர் வந்து, சிறு தொகையைக் காட்டி, “முழுவதும் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதி வாங்கப் பார்க்கலாம். இத்தா இருக்கும் பெண்ணின் பேரில் பொறுப்பானவர்கள் அவசரப்பட்டு ஒப்பக் கூடாது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள திருத்தப்படி, யார் தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சமும், கொடுங்காயத்துக்கு 2½ லட்சமும் கேட்க வழியுண்டு. கூடுதல் கோரித் தீர்ப்பாயத்துக்கும் செல்லலாம். ஆறு மாதக் கெடுவும் அதே திருத்தத்தில் வந்ததால் தாமதம் ஆகாது. நல்ல வக்கீலை உடனே கலந்துகொள்ள வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

கிடைக்கும் தொகையில் எத்தீம் பிள்ளைகளின் பங்கு அவர்களுடையது. அதை அநியாயமாக உண்பவர் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார் என்பது அந்நிஸா 10-வது வசனத்தின் எச்சரிக்கை. பெரிய தகப்பனாரானாலும், தாய்மாமனாரானாலும் இதில் சலுகை இல்லை.

இன்னொன்று: ஓட்டியவரின் தவறால் உயிர் போயிருந்தால், கம்பெனி நஷ்டஈடு கொடுத்துவிட்டதால் அவர் பொறுப்பு முடிந்துவிடாது. அந்நிஸா 92-வது வசனம் கூறும் கஃப்பாரா அவர் மீதே இருக்கிறது. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாத இக்காலத்தில், அவர் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்க வேண்டும். எந்தப் பாலிசியும் இதற்கு ஈடாகாது.

வல்ல அல்லாஹ் நம் பாதைகளை ஆபத்தின்றிக் காத்து, நெருக்கடியிலும் உண்மையே உரைக்கும் நாவை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.