டீசல் என்ஜினுக்கு இரட்டை வடிகட்டி: எங்கே தேவை, எங்கே வேண்டாம்?

நெற்பயிர் தொண்டைக் கதிரில் நிற்கும்போது ஆயில் என்ஜின் நின்றுவிட்டால், மெக்கானிக் வந்து சேரும் வரை பயிர் காத்திருக்காது. அறுவடைக் காலத்தில் டிராக்டரோ அறுவடை இயந்திரமோ வயலில் நின்றாலும் இதே கதைதான். என்ஜின் நிற்பதற்குக் காரணங்கள் பல. ஆயினும் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் கழற்றிப் பார்ப்பது டீசல் வடிகட்டியைத்தான். இதை அறிந்த விவசாயிகள் சிலர், இருக்கும் பில்டரை எடுத்துவிட்டு அதைவிட நுண்ணிய பில்டரைப் போடுகிறார்கள். வேறு சிலர் இன்னொரு பில்டரைக் கூடுதலாக இணைக்கிறார்கள். நோக்கம் நல்லதே. ஆனால் என்ஜின் எவ்வகை என்று பாராமல் செய்தால், வடிகட்டியே என்ஜினுக்குப் பட்டினி போட்டுவிடும்.

டீசல் என்ஜினின் இருதயம், டீசலை அழுத்தி அனுப்பும் எப்.ஐ. பம்பு. அதன் உள்ளே பேரல் என்னும் குழலுக்குள் ப்ளஞ்சர் என்னும் தண்டு மேலும் கீழும் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி 2 முதல் 4 மைக்ரான் வரைதான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே ஒரு மைக்ரான். மனிதத் தலைமுடியின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். 40 மைக்ரானுக்குக் குறைந்த தூசி கண்ணுக்கே தெரியாது. ஆகவே பார்வைக்குத் தெளிவாக இருக்கும் டீசல் சுத்தமான டீசல் என்று கொள்ளக் கூடாது. வயல் தூசியில் கலந்துள்ள மணல் துகள் இந்த இடைவெளியில் புகுந்தால் எஃகையே தேய்த்துவிடும். தேய்ந்த பம்பில் அழுத்தம் குறையும். நாசில் டீசலைப் புகை போலத் தூவுவதற்குப் பதிலாகச் சொட்டு விடும். கரும்புகை வரும், டீசல் செலவு கூடும், காலையில் ஸ்டார்ட் செய்வதும் கடினமாகும்.

மண்ணைவிடத் தண்ணீர் பொல்லாதது. எப்.ஐ. பம்பின் ப்ளஞ்சருக்கு மசகு டீசல்தான். தண்ணீர் வந்த இடத்தில் மசகு இல்லை, துரு உண்டு. சூடான நாசில் முனையில் தண்ணீர் திடீரென ஆவியானால் முனையே உடைந்துவிடக்கூடும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, வழவழப்பான பழுப்புக் கசடு உண்டாகிறது. பில்டரைத் திறந்ததும் பாசி போல ஒட்டியிருப்பது பெரும்பாலும் இதுவே. மண்ணெண்ணெய் கலந்த டீசலிலும் மசகுத் தன்மை குறைவு. நாடு முழுவதும் 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. கந்தகத்தை நீக்கும்போது குறையும் மசகுத் தன்மையை எண்ணெய் நிறுவனங்கள் வேறு பொருள் சேர்த்து ஈடுசெய்கின்றன. அதில் மண்ணெண்ணெய் கலப்பது அந்த ஈட்டை வீணாக்குவதாகும்.

படகுகளில் உள்ள முறை

வடிகட்டும் விஷயத்தில் கடலில் ஓடும் படகுகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். அலையில் படகு ஆடும்போது டாங்கின் அடியில் தங்கிய தண்ணீரும் கசடும் கலங்கி மேலே வருகின்றன. நடுக்கடலில் என்ஜின் நின்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவே டீசல் இரண்டு கட்டமாக வடிகட்டப்படுகிறது. முதல் கட்டம் தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்துடன் கூடிய, சற்றுப் பருமனான வடிகட்டி. இது பெரும்பாலும் 10 அல்லது 30 மைக்ரான் அளவில் இருக்கும். இரண்டாவது, என்ஜினின் மேலேயே உள்ள நுண்ணிய வடிகட்டி. பெரிய படகுகளில் முதல் வடிகட்டியே இரண்டு பக்கத்தில் பக்கமாக இருக்கும். நடுவில் உள்ள வால்வைத் திருப்பினால், என்ஜினை நிறுத்தாமலே ஒன்றை மாற்றிக்கொள்ளலாம்.

இத்தகைய படகு என்ஜின்கள் பலவற்றில் சூப்பர்சார்ஜர் அல்லது டர்போசார்ஜர் உண்டு. முன்னது என்ஜினின் சுழற்சியாலேயே ஓடிக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். பின்னது வெளியேறும் புகையின் வேகத்தால் ஓடும். காற்று அதிகமானால் டீசலும் அதிகம் எரியும், உள்ளே வெப்பமும் கூடும். சாதாரண என்ஜினில் ஒரு நாசில் ஒழுகினால் கரும்புகையோடு பல நாள் ஓடிவிடும். இவற்றில் அதே ஒழுகல் பிஸ்டனின் தலையைப் பொசுக்கி ஓட்டையாக்கக்கூடும். இப்போது டிராக்டர்களிலும் அறுவடை இயந்திரங்களிலும் டர்போ பரவலாக வந்துவிட்டது. வரப்பு ஏறி இறங்கும் டிராக்டரின் டாங்கும் படகின் டாங்கைப் போலத்தான் கலங்குகிறது. எனவே படகின் முறை இங்கும் பொருந்தும்.

பம்புசெட் என்ஜினில் வேண்டாம்

ஆனால் 5 குதிரைத்திறன் பம்புசெட் என்ஜினுக்கு இம்முறையை அப்படியே கொண்டுவரக் கூடாது. இந்த என்ஜின்களில் டீசல் டாங்கு மேலே இருக்கிறது. டீசல் தன் கனத்தாலேயே இறங்கி பில்டர் வழியாகப் பம்புக்கு வருகிறது. இழுத்துத் தள்ள ஃபீட் பம்பு கிடையாது. டாங்குக்கும் பம்புக்கும் உள்ள சில அடி உயரமே இங்குள்ள தள்ளுவிசை. நடுவில் இரண்டாவது நுண்ணிய பில்டரை வைத்தால், புதிதாக இருக்கும்போது ஓடும். சிறிது அடைத்ததும் சுமையில் திணறும். சும்மா ஓடும்போது நன்றாக இருந்து, தண்ணீர் இறைக்கும்போது தளர்ந்து, சற்று நிறுத்தி வைத்தபின் மறுபடி நன்றாக ஓடினால், டீசல் போதவில்லை என்று அறியலாம். பலர் இதைப் பம்பின் கோளாறு என்று எண்ணி நல்ல பம்பைக் கழற்றச் சொல்கிறார்கள்.

பம்புசெட்டுக்கு ஏற்ற சீர்திருத்தம் வேறு. டாங்கின் வெளிக்குழாயில், அடியில் திறப்புத் திருகு உள்ள கசடு தங்கும் கிண்ணம் ஒன்று போதும். அதில் நுண்ணிய காகிதம் வேண்டியதில்லை. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் டீசலின் அடர்த்தி சுமார் 0.83. ஆகவே ஓட்டம் மெதுவாக உள்ள இடத்தில் தண்ணீர் தானே அடியில் தங்கிவிடும். இந்த என்ஜின் முழுச் சுமையிலும் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றே அதிகமாகத்தான் டீசல் குடிக்கிறது. இவ்வளவு மெதுவான ஓட்டத்தில் கிண்ணம் நன்றாக வேலை செய்யும். தினமும் காலையில், என்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன், திருகைத் திறந்து சில துளிகள் வெளியேற்ற வேண்டும். ஓட்டி நிறுத்திய உடனே திறந்து பயனில்லை. இரவு முழுதும் அசையாமல் நின்றபின்தான் தண்ணீர் அடிக்கு வந்திருக்கும்.

டாங்கின் வாயில் உள்ள கம்பிச் சல்லடையை, ஊற்ற நேரமாகிறது என்று கழற்றி வீசுவோர் பலர். அதைத் திரும்பப் போட வேண்டும். வேட்டித் துணியில் வடிகட்டும் பழக்கம் நல்லதல்ல, அதன் நூலிழைகளே பில்டரை அடைக்கும்.

டிராக்டரில் எங்கே பொருத்துவது?

டிராக்டரில் ஃபீட் பம்பு உண்டு. பெரும்பாலானவற்றில் அதன் பின்னால் இரண்டு வடிகட்டிகள் வரிசையாக இருக்கும். கூடுதலாக வேண்டுவது தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றுதான். அதை டாங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையே பொருத்த வேண்டும். ஃபீட் பம்பின் வழியாகச் சென்றால் தண்ணீர் அடிபட்டு நுண்துளிகளாகிவிடும். மோர் கடைந்தது போல ஆனபின் அதைப் பிரிப்பது கடினம். முதலில் வைக்கும் வடிகட்டி 30 மைக்ரான் போன்ற பருமனானதாகவே இருக்கட்டும். நுண்ணியதை முன்னால் வைத்தால் பெரிய கசடு முழுவதையும் அதுவே ஏற்று வெகு விரைவில் அடைத்துவிடும்.

வாங்கும்போது மைக்ரானை மட்டும் கேட்பது போதாது. மணிக்கு எத்தனை லிட்டர் செல்லும் என்பதையும் கேட்க வேண்டும். டிராக்டரில் டீசல் முழுவதும் எரிந்துவிடுவதில்லை. ஒரு பகுதி திரும்பி டாங்குக்கே வருகிறது. சில பெரிய என்ஜின்களில் எரிவதைவிடத் திரும்புவது அதிகம். இந்த இரண்டும் சேர்ந்த அளவை வடிகட்டி தாங்க வேண்டும். ஐயமிருந்தால் ஒரு அளவு பெரியதாக வாங்குவதே மேல். காகிதத்தின் பரப்பு கூடினால் அடைப்பும் தள்ளிப்போகும்.

பொருத்தும் இடம் சைலன்சரிலிருந்து விலகி இருப்பது அவசியம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கிண்ணம் சூட்டில் விட்டுப்போனால் தீப்பிடிக்கும். அம்புக்குறி காட்டும் திசையில், செங்குத்தாக, கிண்ணத்தின் அடியில் கை நுழைய இடம் விட்டுப் பொருத்துக. டீசலுக்கென்றே செய்த, பழைய குழாயின் அதே உள்விட்டமுள்ள ஹோஸைப் பயன்படுத்த வேண்டும். ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ள இணைப்பில் கசிவு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே புகும். வெளியே ஈரம் இல்லையே என்று ஏமாந்துவிடக் கூடாது. அடிக்கடி ஏர் பிடித்தால் புதிய இணைப்பின் வாஷரையும் கிளாம்பையும் முதலில் சோதிக்க வேண்டும்.

உத்தரவாதக் காலத்தில் உள்ள டிராக்டரில் விற்பனையாளரைக் கேட்காமல் எதையும் இணைக்க வேண்டாம். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில் கடுமையான புகை விதிமுறை அமலுக்கு வந்தபின், அவற்றில் பல காமன் ரயில் முறைக்கு மாறியுள்ளன. பழைய நாசில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தத்தில் திறக்கும். காமன் ரயிலில் அழுத்தம் 1,600 கிலோவையும் தாண்டும். இவற்றில் தண்ணீர் பிரிப்பான் கம்பெனியிலேயே பொருத்தி வருகிறது. அதன் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் தண்ணீரை வடிக்காமல் ஓட்டக் கூடாது. பழைய என்ஜினில் செய்வது போல நாசில் குழாய் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பதும் இதில் கூடவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சிறு புள்ளிதானே என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம் அது.

எலிமெண்ட் மாற்றும்போது

காகித எலிமெண்டைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவி மறுபடி போடுவது கண்கூடாகக் காணும் தவறு. காகிதம் கிழிந்தால் வெளியே தெரியாது. புதிய எலிமெண்டின் விலை, ஒரு ப்ளஞ்சர் செட்டை மாற்றும் செலவில் சிறு பகுதியே. இன்னொரு தவறு, திருகிப் பொருத்தும் நுண்ணிய பில்டரில் நடுத்துளை வழியாக டீசல் ஊற்றி நிரப்புவது. நடுத்துளை என்பது வடிகட்டி முடிந்த பக்கம். அங்கே ஊற்றும் டீசல் வடிகட்டப்படாமல் நேரே பம்புக்குப் போகிறது. பில்டரை வெறுமையாகவே பொருத்தி, கைப்பம்பை அடித்து, பில்டரின் திருகில் நுரை நின்று சுத்தமான டீசல் வரும் வரை ஏர் எடுப்பதே முறை. எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்பதற்கு என்ஜினோடு தந்த புத்தகம் சொல்வதே முடிவு.

பேரலில் சேமிப்போர் கவனத்திற்கு

இவ்வளவும் செய்தாலும், பேரலிலேயே தண்ணீர் இருந்தால் எந்த வடிகட்டியும் ஈடுகொடுக்காது. பேரலை வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்தால் மேல்மூடியில் மழைநீர் தேங்கும். பகலில் விரியும் பேரல் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது அந்த நீரை மூடியின் மரை வழியே உறிஞ்சும். நிழலில், மரத் தாங்கியின் மேல் படுக்கவைத்து, குழாய் உள்ள பக்கம் சுமார் 3 அங்குலம் உயர்ந்திருக்குமாறு சாய்க்க வேண்டும். அப்போது கசடு பின்பக்கம் ஒதுங்கும். புதிய டீசலை ஊற்றினால் ஒரு நாள் முழுதும் அசைக்காமல் விட்டபின் எடுக்கலாம். துத்தநாகம் பூசிய பாத்திரத்தில் டீசலைச் சேமிக்க வேண்டாம், துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து பிசுக்கை உண்டாக்கும். டிராக்டர் டாங்கை மாலையில் வேலை முடிந்ததும் நிரப்புவது நல்லது. காலியான டாங்கில் இரவுக் காற்றின் ஈரம் வியர்த்துத் தண்ணீராகும்.

சந்தேகம் இருந்தால், வெள்ளைக் கண்ணாடிப் புட்டியில் டீசலை எடுத்து ஒரு இரவு வைத்துப் பார்க்கலாம். அடியில் கோடு விழுந்தால் அது தண்ணீர். பேரலின் அடியில் மிஞ்சும் கலங்கல் டீசலைக் கலப்பைக் கொழுவின் துருவும் நட்டு போல்ட்டின் இறுக்கமும் நீங்கப் பூசிக்கொள்ளலாம். வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றக் கூடாது.