கற்றல் என்னும் அகத்தவம்



"படிப்பு முடிந்தது, வேலையும் கிடைத்துவிட்டது" என்று பெற்றோர் மகிழ்ந்து கூறும் சொற்களை நம் இல்லங்களில் அடிக்கடி கேட்கின்றோம். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களிலுள்ள நம் ஊர்களிலிருந்து இளைஞரும் இளநங்கையரும் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளை நாடிச் செல்கின்றனர். இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பின்னர், ஏரிப் பாசன வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் பரந்திருந்த அப்பகுதி கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, கைப்பேசி என்று பலவும் செய்யும் இடமாயிற்று. காலை, மாலை, இரவு என்று ஷிப்டு மாறும் வேளைகளில் அங்குள்ள சாலைகளை நிறைத்துச் செல்லும் கம்பெனிப் பேருந்துகளில் நம் வீட்டுப் பிள்ளைகளும் அமர்ந்திருக்கின்றனர்.

வேலை கிடைத்ததற்கு மகிழ்வது தகும். ஆனால், "படிப்பு முடிந்தது" என்னும் சொல்லே ஈண்டு ஆராயத்தக்கது. நம் ஆசாரியர்கள் கல்விக்கு அத்தகைய முடிவு எதனையும் கூறவில்லை. கேவல ஞானம் எய்தும் வரை கற்பவன் கற்பவனே.

உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் தவத்தைப் புறத்தவம் என்றும் அகத்தவம் என்றும் பகுத்து, ஒவ்வொன்றையும் ஆறாக விரிக்கின்றது. உண்ணாநோன்பு முதலியன புறத்தவம். கழுவாய், பணிவு, தொண்டு, சுவாத்தியாயம், பற்று விடுதல், தியானம் என்பன அகத்தவம். சுவாத்தியாயம் என்பது நூல் பயிலுதல். எட்டு நாள் உண்ணாதிருப்பவரை ஊர் கூடிப் போற்றுகிறோம். நாள்தோறும் அரைமணி நேரம் நூல் ஓதும் முதியவரைத் தவசி என்று யாரும் எண்ணுவதில்லை. சூத்திரமோ இரண்டையும் தவம் என்றே எண்ணுகின்றது.

அச்சுவாத்தியாயத்தை மேலும் ஐந்தாகப் பிரித்துக் காட்டுவர். வாசனா என்பது பிழையின்றிப் படித்தலும் படிப்பித்தலும். பிருச்சனா என்பது ஐயம் தீரக் கேட்டல். அநுப்ரேட்சை என்பது கற்றதை உள்ளத்தில் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்தல். ஆம்நாயம் என்பது ஓதி ஓதி மனத்தில் நிறுத்தல். தர்மோபதேசம் என்பது பிறர்க்கு எடுத்துரைத்தல். சூத்திரம் இங்குக் கருதுவது ஆகமக் கல்வியையே. தொழிற்கல்வியைத் தவம் என்று அது சொல்லவில்லை. ஆயினும் கற்கின்ற மனம் இரண்டிடத்தும் ஒன்றே ஆதலின், அறநூலைக் கற்கச் சொன்ன முறை தொழிலைக் கற்பதற்கும் அளவுகோலாகும் என்பது எம் கருத்து.

அவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால், நம் பள்ளிகளும் பயிற்சிக் கூடங்களும் ஐந்தனுள் இரண்டையே பெரிதும் அளிக்கின்றன: படித்தல், மனத்தில் நிறுத்தல். தேர்வுக்கு அவை போதும். தொழிற்சாலையிலும் ஒவ்வொருவர் நிற்கும் இடத்திலும் செய்முறைத் தாள் ஒன்று தொங்குகின்றது. அதைப் படித்து, கை பழகும் வரை செய்து காட்டினால் பயிற்சி நிறைவுற்றதாகக் கொள்ளப்படும். எஞ்சிய மூன்றிலேதான் கல்வி நம்முடையதாகின்றது. அம்மூன்றையே நாம் கைவிட்டு வருகிறோம்.

முதலில் கேட்டலை எடுத்துக்கொள்வோம். டோயோட்டா கார் நிறுவனத்தில் உற்பத்தி முறையை வகுத்த தைஇச்சி ஓனோ என்பவர், குறை நேர்ந்தவிடத்து "ஏன்?" என்று ஐந்து முறை கேட்குமாறு தம் தொழிலாளரைப் பழக்கினார். அதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு இது. எந்திரம் நின்றுவிட்டது, ஏன்? பளு மிகுந்து ஃபியூஸ் போயிற்று. பளு ஏன் மிகுந்தது? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? பம்ப் சரியாக இறைக்கவில்லை. அது ஏன்? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. தண்டு ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாமையால் உலோகத் துகள் உள்ளே புகுந்துவிட்டது. முதற்கேள்வியோடு நின்றவன் ஃபியூஸை மாற்றுவான். எந்திரம் மறுபடியும் நிற்கும். ஐந்தாவது கேள்வி வரை சென்றவனே வடிகட்டி பொருத்துவான். இன்று கார் ஆலைகள் பலவற்றிலும் இம்முறையைக் கற்பிக்கின்றனர். பிருச்சனாவைத் தவத்தின் உறுப்பாக வைத்த மரபில் பிறந்த பிள்ளைகளுக்கு இது புதிதாகத் தோன்றலாகாது. ஆனால் வீட்டில் நாம் செய்வது என்ன? பிள்ளை இரண்டாம் முறை "ஏன்?" என்று கேட்டால் "அதிகம் பேசாதே" என்று அடக்கிவிடுகிறோம்.

கேட்கும் துணிவுக்கு நம் சமூகத்தோடு தொடர்புடைய சான்று ஒன்றுண்டு. 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ.வே. சாமிநாதையர், சேலம் இராமசுவாமி முதலியார் தூண்டுதலால் சீவக சிந்தாமணியை ஆராயப் புகுந்தார். இலக்கணத்திலும் பிரபந்தங்களிலும் வல்லவராயிருந்தும், அக்காப்பியத்தில் வரும் சைன சமயச் சொற்கள் அவருக்கு விளங்கவில்லை. அவ்வூரில் வாழ்ந்த சைனர் இல்லம் ஒன்றுக்கு அவர் சென்றபோது வாயிலில் தோரணம் கட்டியிருந்தது. என்ன விழா என்று வினவினார். வீட்டார் சிந்தாமணியைப் படிக்கக் கேட்டு வந்ததாகவும், அப்படிப்பு நிறைவேறியதைக் கொண்டாடுவதாகவும் விடை வந்தது. கற்றோரும் படிக்காது விட்டிருந்த ஒரு பெருங்காப்பியம், அக்குடும்பத்தில் பலர் கூடிக் கேட்கும் நூலாக இருந்தது! சாமிநாதையர் சைவச் சூழலில் வளர்ந்தவர். தமிழாசிரியர் பதவியில் இருந்தவர். ஆயினும் வேற்றுச் சமயத்தார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஐயம் கேட்க நாணவில்லை. 1887ஆம் ஆண்டில் சிந்தாமணி அச்சேறியது. கேட்டவருக்கு உரிய புகழை உலகம் கொடுத்துவிட்டது. விடை சொல்லும் அளவுக்கு நூலை அன்றாட வாழ்வில் வைத்திருந்த அவ்வில்லத்தாரை நாமாவது நினைக்க வேண்டும்.

அடுத்தது அநுப்ரேட்சை. சௌராட்டிர நாட்டுக் கிர்நார் மலையின் சந்திர குகையில் வாழ்ந்த தரசேன ஆசாரியர், தாம் மறைந்தால் தமக்குத் தெரிந்த ஆகமப் பகுதியும் தம்மோடு அழிந்துபோகுமே என்று கவன்றார் என்பது தவளம் என்னும் உரைநூல் கூறும் வரலாறு. தென்னாட்டு முனிவர்க்குச் செய்தி விடுத்தார். இரு முனிவர் வந்தனர். அவரைச் சோதிக்க விரும்பி ஒருவருக்கு ஓரெழுத்து மிகுந்த மந்திரத்தையும், மற்றவருக்கு ஓரெழுத்துக் குறைந்த மந்திரத்தையும் கொடுத்தார். இருவரும் முறைப்படி ஓதினர். தெய்வங்கள் தோன்றின; ஆனால் ஒன்றுக்குப் பல் துருத்தியிருந்தது, மற்றொன்றுக்கு ஒரு கண் இல்லை. தெய்வ வடிவில் ஊனம் இருத்தல் பொருந்தாதே என்று எண்ணிய இருவரும், குறை மந்திரத்தில் இருத்தல் வேண்டும் என்று துணிந்து, தாமே எழுத்தைத் திருத்தி மீண்டும் ஓதினர். அதன் பின்னரே ஆசாரியர் அவர்களுக்குப் பாடம் தொடங்கினார். அவ்விருவரே புஷ்பதந்தரும் பூதபலியும். அவர்கள் கற்றுத் தொகுத்ததே ஷட்கண்டாகமம். பூதபலி முனிவர் பின்னர்த் தமிழ்நாட்டுக்கு வந்தார் என்றும் அவ்வுரை கூறுகின்றது.

இவ்வரலாற்றில் எம்மைப் பெரிதும் ஈர்ப்பது ஒன்றுண்டு. தாம் கொடுத்ததை அப்படியே ஓதியவரை ஆசாரியர் தேடவில்லை. விளைவைக் கண்டு, காரணத்தை எண்ணி, குருவே கொடுத்த பாடத்திலும் பிழை காணவல்ல மாணாக்கரையே அவர் தேடினார். ஆலையில் வார்ப்படம் ஒன்றைக் கையில் எடுத்ததும் "இது சரியில்லை" என்று உணர்ந்து, எந்த இடத்தில் பிழை புகுந்தது என்று பின்னோக்கி எண்ணிச் செல்லும் தொழிலாளியும் அவ்வழியிலேயே நடக்கின்றார். தாளில் உள்ளதைச் செய்துவிட்டேன் என்று சொல்வது எளிது. துருத்திய பல்லைக் கண்ட பின்னும் அவ்வாறு சொல்வோர் எல்லாத் துறையிலும் உளர்.

மூன்றாவதாகிய பிறர்க்கு உரைத்தல், இக்காலத் தொழில் வாழ்வில் மிகக் கடினமானது. ஒரு கருவி மழுங்கத் தொடங்குவதை ஒலியால் அறிவதும், ரப்பர் விளிம்பை எந்தக் கோணத்தில் அழுத்தினால் வழுவாது அமரும் என்பதும் செய்முறைத் தாளில் இரா. பல ஆண்டுப் பழக்கத்தில் வருபவை. புதிதாக வந்த பயிற்சியாளருக்கு அவற்றைச் சொல்லாது மறைப்பதுண்டு. மறைப்பவரை உடனே பழித்தல் தகாது. ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவருக்கு, "இவன் கற்றுக்கொண்டால் என்னை அனுப்பிவிடுவார்களோ" என்னும் அச்சம் உண்டாகின்றது. அவ்வச்சத்திற்குக் காரணமில்லை என்று எவரும் கூற இயலாது.

ஆயினும் சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் ஞானாவரணீயம், அதாவது அறிவை மறைக்கும் வினை, வந்து சேரும் வழிகளைக் கூறுமிடத்து இதனையே முன்வைக்கின்றது. பிறர் அறிவு கண்டு பொறாது உள்ளம் கசத்தல் பிரதோஷம். தெரிந்ததைத் தெரியாது என்று ஒளித்தல் நிஹ்நவம். தகுதியுடையவர் கேட்டும் கற்பியாதிருத்தல் மாத்சரியம். கற்பவர்க்கு இடையூறு செய்தல் அந்தராயம். எஞ்சிய இரண்டும் அறிவை அவமதித்தலும் பழித்தலுமாம். மறைத்தவனுடைய அறிவுக்கே திரை விழும் என்பது இதன் பொருள். உலகியலிலும் இது மெய்யாதல் கண்கூடு. புதிய மாடல் வருங்கால் எந்திரம் மாறிவிடும். மறைத்து வைத்த கைநுட்பம் ஒரே நாளில் பயனற்றுப்போம். பிறர்க்குச் சொல்லிச் சொல்லித் தன் செயலின் காரணத்தைத் தெளிவாக அறிந்தவரோ, புதிய எந்திரத்தின் முன் நின்றாலும் எதைக் கேட்க வேண்டும் என்று அறிவார். நம் மரபு உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு சாத்திரத்தையும் நால்வகைத் தானத்துள் ஒன்றாக வைத்தது. பொருளில்லாதவரும் செய்யத்தக்க தானம் அது.

இவையெல்லாம் இருந்தும் வேலை போகலாம். திருப்பெரும்புதூரில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலையில் ஆயிரக்கணக்கானோர் பணியாற்றினர். அவருள் பெரும் பகுதியினர் இளம்பெண்கள். 2014ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இவ்வாலை அவ்விற்பனையில் சேரவில்லை. அவ்வாண்டு நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. வளாகம் சில ஆண்டுகள் மூடிக்கிடந்து, சால்காம்ப் நிறுவனத்தின் கைக்குச் சென்று, 2020ஆம் ஆண்டில் கைப்பேசி சார்ஜர்கள் செய்யும் ஆலையாக மீண்டும் இயங்கத் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகள் ஒரு குடும்பத்துக்கு எத்துணை நீண்டவை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. நன்கு கற்றிருந்தவர்க்கெல்லாம் உடனே வேறு வேலை கிடைத்தது என்று கூறினால் அது பொய்யாகும். ஆலை மூடுவது தொழிலாளியின் கல்விக் குறைவால் அன்று. ஆகவே, கல்வியை வேலைக்குக் கொடுக்கும் விலையாக மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தால், வேலை போகும் நாளில் கல்வியும் பொய்த்தது என்றே அவர்கள் எண்ணுவர். ஏன், எவ்வாறு என்று கேட்டும் எண்ணியும் பழகிய மனமோ கணக்குத் தீர்த்துக்கொடுக்கும் சீட்டோடு ஆலை வாயிலில் விடப்படுவதில்லை; பிணையின் பொருட்டோ, மருத்துவமனையிலோ, வட்டிக் கடை வாயிலிலோ ஒரு தாளில் கையெழுத்திடும் முன்னர் அதைப் படிக்கச் சொல்வதும் அம்மனமே.

பெண்மக்களைப் பற்றி ஒரு சொல். விடுதிகளில் தங்கி ஆலைக்குச் சென்று வரும் நம் பெண்களிடம், "நாலு ஆண்டு சம்பாதித்தால் திருமணச் செலவுக்கு ஆகும்" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறோம். பழைய வட ஆர்க்காட்டுப் பகுதி வேடலில் உள்ள, ஒன்பதாம் நூற்றாண்டு ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் ஆசிரியரையும் அவருடைய மாணாக்கியர் ஐந்நூற்றுவரையும் குறிக்கின்றது. நம் மண்ணில் அவ்வாறு கற்ற பெண்டிரின் வழிவந்தவர்களுக்கு மாலைநேரக் கல்லூரியிலோ அஞ்சல்வழிக் கல்வியிலோ சேர ஒரு தொகையை ஒதுக்கித் தருதல் மிகையாகாது.

இல்லத்தில் இதனை எவ்வாறு தொடங்குவது? ஷிப்டு வேலையால் குடும்பத்தார் அனைவரும் ஒருங்கிருக்கும் வேளை அரிது. நாள்தோறும் இயலாதெனின், வார ஓய்வு நாளில் ஒரு பக்கம் போதும். தாத்தாவோ பாட்டியோ படிக்கட்டும், பிள்ளைகள் கேட்கட்டும், ஆலையிலிருந்து வந்தவர் அவ்வாரம் தாம் புதிதாக அறிந்த ஒன்றைச் சொல்லட்டும். ஷட்கண்டாகமம் நிறைவுற்றதைக் கொண்டாடும் சுருத பஞ்சமி நாளன்று பரணில் உள்ள ஏடுகளையும் பழைய நூல்களையும் எடுத்துத் தூசி தட்டி வைத்துப் பூசித்தபின், உடனே மூடிவிடாமல், ஒரு நூலையேனும் திறந்து படிப்பது சாலவும் நன்று.

ஒரகடத்தில் குடியிருப்போர்க்கு வேறொரு வாய்ப்பும் அருகில் உண்டு. வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் சென்றால், அதனை அடுத்துள்ளது ஜினகாஞ்சி எனப்படும் திருப்பருத்திக்குன்றம். அங்கே விசயநகர அரசின் அமைச்சர் இருகப்பர், தம் குரு புஷ்பசேன முனிவரின் சொற்படி 1387ஆம் ஆண்டளவில் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் ரிஷபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் வரலாறுகள் ஓவியமாக உள்ளன. ஓவியங்களின் கீழ்த் தமிழில் குறிப்புகளும் எழுதப்பட்டுள்ளன. பிள்ளைகளை அண்ணாந்து பார்த்து எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லலாம். எழுத்து மங்கிய இடத்தில் "இங்கே என்ன நடக்கிறது?" என்று அவர்கள் கேட்பர். விடை தெரியாத பெற்றோர், வீடு திரும்பியதும் அவர்களையும் உடன் வைத்துக்கொண்டு ஸ்ரீபுராணத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.