பிரசவத்துக்குப் பின் மனம் சோர்ந்தால்...

குழந்தை பிறந்த முதல் வாரத்தில் காரணமின்றி அழுகை வருவது பல தாய்மார்களுக்கும் உண்டு. பெரும்பாலும் 2 வாரத்துக்குள் அது தானாகத் தணிந்துவிடும். அதன் பிறகும் சோர்வு, குற்ற உணர்வு, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமை நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். குணப்படுத்தக்கூடிய நோய் இது, தாயின் குறையல்ல.

● இரவில் 4 மணி நேரமாவது தொடர்ந்து தூங்குங்கள். தாய்ப்பாலைப் பீய்ச்சி வைத்தால், கணவரோ அம்மாவோ பாலாடையில் புகட்டலாம்.

● பத்தியம் என்ற பெயரில் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். பருப்பு, கீரை, முட்டை, மீன் அவசியம்.

● ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே போன்ற சோர்வைத் தரும். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

● தடுப்பூசி போடக் குழந்தையைக் கொண்டுபோகும்போது, உங்கள் மனநிலையையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

● தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் உண்டு. நன்றாக இருக்கிறதென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

● வீட்டாருக்கு: “நாங்களெல்லாம் பெற்று வளர்க்கவில்லையா?” என்று கேட்காதீர்கள். துணி துவைப்பதையும் சமையலையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

● தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம், காதில் குரல் கேட்பது, அதீதக் குழப்பம் ஆகியவை அவசர நிலை. தாயைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம். தயங்காமல் அழையுங்கள்.