விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு!

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி, பேரம் பேசி பாகங்களை வாங்கி, வீட்டிலேயே கம்ப்யூட்டரைப் பூட்டியாயிற்று. விசிறி சுற்றுகிறது, படம் வரவில்லை.

முதல் சந்தேகம் கேபிள்மீது. ஐ5-12400எஃப் போல ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் சிப்புகளிலும், ரைசன் 5 5600-இலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டு விடிய விடிய உட்கார்ந்தாலும் திரை விழிக்காது. கிராபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும்.

பிராசசருக்கான 8 பின் மின்இணைப்பு மதர்போர்டின் மேல்மூலையில் ஒளிந்திருக்கும். எளிதில் மறந்துபோவது இதுதான்.

ரேம் ‘டக்’கென்று சத்தம் கேட்கும்வரை அழுந்தியதா? நாலு ஸ்லாட் போர்டு என்றால், பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் ஒரே ஒரு ரேமைப் போட்டுப் பார்க்கலாம். டிடிஆர்5 ரேம் முதல்முறை தன்னைச் சரிசெய்துகொள்ளவே சில நிமிடங்கள் எடுக்கும். அதற்குள் பதறி பவரை அணைத்தால், மறுபடி முதலிலிருந்துதான்.

சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று போர்டில் குட்டி விளக்குகள் இருந்தால், எது அணையாமல் நிற்கிறதோ அங்கே கை வைக்கலாம். பி450 போன்ற பழைய போர்டில் 5600-ஐப் பூட்டியிருந்தால் பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டுச் செய்துகொண்டால் இன்னொரு நடை மிச்சம்.